பிரவுன்லீ சகோதரர்கள்

அலிஸ்டர் பிரவுன்லீ (பிறப்பு: ஏப்ரல் 23, 1988), ஜொனாத்தன் பிரவுன்லீ (பிறப்பு: ஏப்ரல் 30, 1990) ஆகிய இருவரும் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த தொழில்முறை நெடுமுப்போட்டி வீரர்கள். பிரவுன்லீ சகோதரர்கள் என்று அறியப்படும் இவர்கள், 2009 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆண்கள் நெடுமுப்போட்டியில் முன்னணியில் இருந்தனர். மூத்தவரான அலிஸ்டர் 2012 இலண்டன், 2016 ரியோ டி ஜெனீரோ ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றார். ஒலிம்பிக் நெடுமுப்போட்டியின் தனிநபர் பிரிவில் இருமுறை தங்கம் வென்ற ஒரே வீரர் இவரே. இளையவரான ஜொனாத்தன் 2012 இல் வெண்கலம், 2016 இல் வெள்ளி, தோக்கியோவில் கலப்பு அணியில் தங்கம் என மூவகைப் பதக்கங்களையும் பெற்றார். ஒலிம்பிக் நெடுமுப்போட்டியில் மூன்று பதக்கங்களை வென்ற முதல் வீரர் இவரே.

இவ்வெற்றிகளைவிடப் பரவலாக அறியப்பட்ட நிகழ்வு, 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நடந்தது. வெப்பத்தால் நிலைகுலைந்த தம்பியைத் தாங்கிப் பிடித்து, அண்ணன் இறுதிக்கோட்டைக் கடக்க வைத்தார். அந்நிகழ்வு, தனிநபர் போட்டியில் ஒருவர் மற்றவருக்கு எந்த அளவுக்கு உதவலாம் என்ற கேள்வியை எழுப்பியது. விளையாட்டின் விதி மாறவும் காரணமாயிற்று.

நெடுமுப்போட்டியின் அமைப்பு

நெடுமுப்போட்டி அல்லது டிரையத்லான் என்பது நீச்சல், மிதிவண்டி ஓட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்துச் செய்யும் போட்டியாகும். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு மாறும்போது உடை, காலணி மாற்றுவதற்கு ஆகும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும். இப்போட்டி 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் தொலைவில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம் என்பது பொது அளவு. இதில் பாதி அளவு கொண்டது குறுந்தொலைவுப் போட்டி. அயன்மேன் எனப்படும் நெடுந்தொலைவுப் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, அதன்பின் முழு மாரத்தான் ஓட்டம் ஆகியவை உண்டு.

ஒலிம்பிக் வகைப் போட்டியில் முன்னணி வீரர்கள் மிதிவண்டிப் பிரிவில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டலாம். முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துச் செல்வதால், பின்னே வருபவருக்கு உழைப்பு குறைகிறது. ஆகவே நீச்சலில் பின்தங்கியவர் முன்னணிக் குழுவைப் பிடிப்பது கடினம். குழுவில் நம்பிக்கையான துணை இருப்பவருக்கு அது பெரும் அனுகூலம். அயன்மேன் போட்டிகளில் இவ்வாறு ஒட்டி ஓட்டுவதற்குத் தடை உள்ளது. ஆக, உதவி என்பது இவ்விளையாட்டுக்குப் புதியதன்று. எந்த வகை உதவி, எந்தக் கட்டத்தில் என்பதையே விதிகள் வரையறுக்கின்றன.

இளமையும் பயிற்சியும்

அலிஸ்டர் டியூஸ்பரியிலும் ஜொனாத்தன் லீட்ஸ் நகரிலும் பிறந்தனர். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூன்றாவது சகோதரர் எட் வேறு விளையாட்டுகளில் ஈடுபட்டார். நெடுமுப்போட்டியில் பங்கேற்று வந்த தாய்மாமன் வழியாகவே அண்ணன் தம்பி இருவருக்கும் இவ்விளையாட்டு அறிமுகமாயிற்று. இருவரும் பிராட்ஃபோர்டு கிராமர் பள்ளியில் பயின்றனர். யார்க்ஷயரின் மேடு பள்ளமான குன்றுச் சாலைகளும் சேறு நிறைந்த ஓட்டப் பாதைகளும் இவர்களின் பயிற்சிக் களங்கள் ஆயின.

அலிஸ்டருக்கு 2006 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கர்ட்டன் கல்லூரியில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. அங்கே முதல் பருவத்தோடு படிப்பைக் கைவிட்டு, லீட்ஸ் திரும்பி விளையாட்டு அறிவியல் படித்தபடியே பயிற்சியைத் தொடர்ந்தார். ஜொனாத்தன் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். மால்கம் பிரவுன், ஜாக் மெய்ட்லண்ட் ஆகியோர் இருவருக்கும் பயிற்சியாளர்களாக இருந்தனர். தம்பிக்கு ஒவ்வொரு நாளும் பயிற்சித் துணையாக வாய்த்தவர் விரைவில் உலகச் சாதனையாளர் ஆகவிருந்த அண்ணன்; அண்ணனுக்கோ, விட்டுக்கொடுக்காத தம்பி. இருவரின் வளர்ச்சிக்கும் இது முக்கியக் காரணம்.

எழுச்சி (2006–2011)

அலிஸ்டர் 2006 இல் லொசானில் உலக இளையோர் வாகையர் ஆனார். 2008 இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 12 ஆம் இடம் பெற்றார்.

உலகப் பட்டத்தை ஒரே போட்டியில் முடிவு செய்யும் முறை மாறி, ஆண்டு முழுவதும் பல நகரங்களில் நடக்கும் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் வழங்கும் முறை 2009 இல் தொடங்கியது. அவ்வாண்டு தான் பங்கேற்ற மாட்ரிட், வாஷிங்டன், கிட்ஸ்பூயல், இலண்டன், கோல்டு கோஸ்ட் ஆகிய ஐந்து தொடர் போட்டிகளிலும் அலிஸ்டர் வென்று உலக வாகையர் ஆனார். அப்போது அவருக்கு வயது 21.

அடுத்த பருவம் தொடை எலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவுடன் தொடங்கியது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்வதால் எலும்பில் மெல்லிய விரிசல் உண்டாவதே அழுத்த முறிவு எனப்படுகிறது. அதிலிருந்து மீண்டு வந்த அலிஸ்டர், 2010 சூலையில் இலண்டன் ஹைடு பூங்காவில் நடந்த போட்டியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது வெப்பத்தாலும் களைப்பாலும் நிலைதடுமாறி, 10 ஆவதாக முடித்து இறுதிக்கோட்டில் சரிந்தார். அப்போட்டியில் எசுப்பானியாவின் ஹவியேர் கோமெஸ் முதலிடமும், 20 வயதே ஆன ஜொனாத்தன் இரண்டாமிடமும் பெற்றனர். அவ்வாண்டு உலகப் பட்டமும் கோமெசுக்கே சென்றது. மொத்தம் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற கோமெஸ், சகோதரர்கள் இருவருக்கும் நீண்டகாலப் போட்டியாளராக இருந்தார்.

ஜொனாத்தன் 2010, 2011 ஆகிய இரு ஆண்டுகளிலும் குறுந்தொலைவு உலகப் பட்டத்தை வென்றார். 2011 உலகத் தொடர்ப் பட்டத்தை அலிஸ்டர் மீண்டும் கைப்பற்றினார்.

இலண்டன் ஒலிம்பிக் 2012

ஒலிம்பிக் ஆண்டின் தொடக்கத்திலேயே அலிஸ்டருக்குக் குதிகால் தசைநாணில் காயம் ஏற்பட்டு, பல வாரங்கள் ஓட முடியாமற் போயிற்று. சூன் மாதம் கிட்ஸ்பூயல் போட்டியில் வென்று தகுதியை மெய்ப்பித்தார்.

ஆகத்து 7 அன்று ஹைடு பூங்காவில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. பிரித்தானிய அணியின் மூன்றாவது வீரரான இசுடுவர்ட் ஹேய்ஸ், சகோதரர்களுக்குத் துணையாக மிதிவண்டிப் பிரிவில் உழைப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பதக்கத்தை எதிர்பாராமல் பிறருக்காகக் காற்றை எதிர்கொள்ளும் இப்பணி மிதிவண்டிப் பந்தயங்களில் வழக்கமானது. விதிகளும் அதை அனுமதித்தன.

ஓட்டம் தொடங்கியதும் சகோதரர்களும் கோமெசும் மற்றவர்களை விட்டு விலகி முன்னேறினர். ஆனால் ஜொனாத்தன் குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டும் முன்பே மிதிவண்டியில் ஏறிவிட்டதால் 15 நொடி தண்டனை பெற்றிருந்தார். ஓட்டத்தின் நடுவே தண்டனைப் பகுதியில் நின்று அந்நேரத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. அலிஸ்டர் 10 கி.மீ. தொலைவை 29 நிமிடம் 7 நொடியில் ஓடி, 1:46:25 என்ற நேரத்தில் தங்கம் வென்றார். கோமெஸ் 11 நொடி பின்தங்கி வெள்ளியும், ஜொனாத்தன் 31 நொடி பின்தங்கி வெண்கலமும் பெற்றனர். நெடுமுப்போட்டியில் பிரித்தானியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கங்கள் இவை. முடித்ததும் ஜொனாத்தன் வெப்பத்தால் மயங்கிச் சரிந்தார். அவருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டதால் பதக்க விழா தாமதமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அவர் உலகத் தொடர்ப் பட்டத்தை வென்றார்.

கிளாஸ்கோ முதல் ரியோ வரை

2013 உலகத் தொடரின் இறுதிப் போட்டியும் ஹைடு பூங்காவிலேயே நடந்தது. கடைசி மீட்டர்கள் வரை ஜொனாத்தனும் கோமெசும் இணையாக ஓட, இறுதி விரைவோட்டத்தில் கோமெஸ் முந்தி, போட்டியையும் உலகப் பட்டத்தையும் ஒருசேர வென்றார்.

2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுகளில் அலிஸ்டர் தங்கமும் ஜொனாத்தன் வெள்ளியும் வென்றனர். கலப்பு அணித் தொடரோட்டத்தில் விக்கி ஹாலண்ட், ஜோடி இசுடிம்சன் ஆகியோருடன் சேர்ந்து இங்கிலாந்துக்குத் தங்கம் பெற்றுத் தந்தனர். 2015 இல் அலிஸ்டர் கணுக்காலில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார்.

ரியோ ஒலிம்பிக் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு கோமெஸ் முழங்கை எலும்பு முறிந்து விலகினார். 2016 ஆகத்து 18 அன்று கோபகபானா கடற்கரையில் நடந்த போட்டியில், சகோதரர்கள் நீச்சல் முடிந்ததும் சிறிய முன்னணிக் குழுவாகப் பிரிந்து, மலைச்சரிவுகள் கொண்ட மிதிவண்டிப் பாதையில் வலுவான ஓட்டக்காரர்களை வெகுதூரம் பின்தள்ளினர். ஓட்டத்தில் அலிஸ்டர் தம்பியையும் விட்டு விலகி 1:45:01 நேரத்தில் தங்கம் வென்றார். ஆறு நொடிகள் கழித்து ஜொனாத்தன் வெள்ளி வென்றார். தென்னாப்பிரிக்காவின் ஹென்ரி ஸ்கூமன் வெண்கலம் பெற்றார்.

கொசுமெல் நிகழ்வு (2016)

ரியோவுக்கு ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 18 அன்று கொசுமெல் தீவில் உலகத் தொடரின் இறுதிப் போட்டி நடந்தது. புள்ளிப் பட்டியலில் எசுப்பானியாவின் மரியோ மோலா முன்னிலையில் இருந்தார். ஜொனாத்தன் அப்போட்டியில் முதலிடம் பெற்று, மோலா நான்காம் இடமோ அதற்குக் கீழோ பெற்றால் உலகப் பட்டம் ஜொனாத்தனுக்குக் கிடைக்கும்.

இறுதிக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு வரை எல்லாம் அவருக்குச் சாதகமாகவே இருந்தன. முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த ஜொனாத்தனின் கால்கள் திடீரெனப் பின்னத் தொடங்கின. சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளாடி, ஓரத்தில் நின்றிருந்த அலுவலர் ஒருவர்மீது சாய்ந்து நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்கூமன் அவரைக் கடந்து முன்னேறினார். அவருடன் வந்த அலிஸ்டர், வெற்றிக்கு முயலாமல் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எஞ்சிய தொலைவை ஓடினார். இறுதிக்கோட்டில் தம்பியை முன்னே தள்ளிவிட்டுத் தான் பின்னே கடந்தார். ஸ்கூமன் முதலிடம், ஜொனாத்தன் இரண்டாமிடம், அலிஸ்டர் மூன்றாமிடம் என முடிவு அறிவிக்கப்பட்டது. ஐந்தாவதாக வந்த மோலா நான்கு புள்ளிகள் வேறுபாட்டில் உலகப் பட்டம் வென்றார். ஜொனாத்தன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் நலமடைந்தார்.

இக்காட்சியின் காணொளி உலகெங்கும் பரவி, உடன்பிறப்பின் பாசத்துக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டது. ஆனால் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. எசுப்பானியக் கூட்டமைப்பு, பிறர் உதவியால் முடித்த ஜொனாத்தனைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்று முறையிட்டது. அவர் பெற்ற இரண்டாமிடத்தின் புள்ளிகள் மோலாவின் பட்டத்துக்கு மிக அருகில் வந்திருந்தன. அண்ணன் செய்த உதவி, அங்கே இல்லாத ஒருவரின் உழைப்பைப் பாதித்திருக்கக்கூடும் என்பதே அம்முறையீட்டின் சாரம். ஒரு போட்டியாளர் மற்றொரு போட்டியாளரைத் தாங்கிச் செல்வதைத் தெளிவாகத் தடுக்கும் விதி அப்போது இல்லாததால் முறையீடு ஏற்கப்படவில்லை.

அலிஸ்டர் இதைப் பெரிய தியாகமாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் உதவியிருப்பேன் என்றும், தம்பி தன் வேகத்தைச் சரியாகக் கணித்திருந்தால் எளிதாக வென்றிருக்கலாம் என்றும் கடிந்துகொண்டார்.

வெப்பம் உடலை எவ்வாறு பாதிக்கிறது

2010 இல் அலிஸ்டருக்கும், 2012 இலும் 2016 இலும் ஜொனாத்தனுக்கும் நேர்ந்தது ஒரே வகைச் சிக்கல். தசைகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அசைவாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. வியர்வை ஆவியாகும்போது அவ்வெப்பம் வெளியேறும். கொசுமெல் போன்ற ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலத் தீவில் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடல் நீரை இழந்தாலும் குளிர்ச்சி பெறுவதில்லை.

அதே வேளையில் குருதி இரண்டு பணிகளுக்குப் பங்கிடப்படுகிறது: தசைக்கு ஆக்சிசன் கொண்டு செல்ல வேண்டும், தோலுக்கு வெப்பத்தையும் கொண்டு செல்ல வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது மூளையின் செயல்பாடு பாதிக்கப்படுகிறது. கால்கள் பின்னுவது, திசை தெரியாமல் திரும்புவது, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். இது வெறும் களைப்பன்று; உயிருக்கே ஆபத்தான நிலை. பாதிக்கப்பட்டவரை உடனே குளிர்ந்த நீரால் குளிர்விக்க வேண்டும். இவ்வகையில் பார்த்தால், தள்ளாடும் வீரரை இறுதிக்கோடு வரை ஓடவைப்பது அவருக்கு நன்மையா என்ற கேள்வியும் எழுகிறது. இறுதிக்கோட்டில் மருத்துவக் குழு இருப்பதால் அங்கே கொண்டுசேர்ப்பதே விரைவான வழி என்று அலிஸ்டர் கருதினார்.

விதி மாற்றம்

கொசுமெல் நிகழ்வுக்குப் பின் பன்னாட்டு நெடுமுப்போட்டி ஒன்றியம் தன் விதியைத் திருத்தியது. ஒரு போட்டியாளர் மற்றொருவரின் முன்னோக்கிய அசைவுக்கு உடல்வழியாக உதவினால், உதவியவர், உதவி பெற்றவர் இருவருமே தகுதிநீக்கம் செய்யப்படுவர். கொசுமெல்லில் நடந்தது இன்று நடந்தால், சகோதரர்கள் இருவரின் பெயருமே முடிவுப் பட்டியலில் இருக்காது.

ஒருவர் மற்றவருடன் உடன்பட்டு முடிவை அமைப்பதை விதிகள் ஏற்பதில்லை என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2019 ஆகத்தில் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில் பிரித்தானிய வீராங்கனைகள் ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் இருவரும் கைகோத்தபடி முதலிடத்தில் கோட்டைக் கடந்தனர். வேண்டுமென்றே சமநிலையில் முடித்ததற்காக இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். பெர்முடாவின் புளோரா டஃபி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். கடும் வெப்பம் காரணமாக அப்போட்டியின் ஓட்டப் பிரிவு 10 கி.மீ. தொலைவிலிருந்து 5 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டிருந்தது.

அலிஸ்டர்: நெடுந்தொலைவுப் போட்டிகள்

2017 முதல் அலிஸ்டர் நெடுந்தொலைவுப் போட்டிகளில் கவனம் செலுத்தினார். அயன்மேனில் பாதி அளவு கொண்ட 70.3 வகையின் உலகப் போட்டியில் 2018 இல் செருமனியின் யான் ஃபிரோடெனோவிடமும், 2019 இல் நோர்வேயின் குஸ்தாவ் ஈடனிடமும் தோற்று இரண்டாமிடம் பெற்றார். 2019 இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் தம் முதல் முழு அயன்மேன் வெற்றியைப் பெற்றார். மோசமான வானிலையால் அங்கே நீச்சல் பிரிவு கைவிடப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஹவாயில் நடந்த உலக அயன்மேன் போட்டியில் 21 ஆவதாகவே முடிக்க முடிந்தது. ஒட்டி ஓட்டும் வாய்ப்பில்லாத எட்டு மணிநேரப் போட்டி, ஒலிம்பிக் தொலைவினின்று வேறுபட்ட திறனை வேண்டுவது என்பதை இது காட்டியது.

மூன்றாவது ஒலிம்பிக் வாய்ப்பை நாடி மீண்டும் குறைந்த தொலைவுக்குத் திரும்பிய அலிஸ்டர், 2021 சூனில் லீட்ஸ் நகரில் நடந்த போட்டியில், நீச்சலின்போது மற்றொரு வீரரை நீருக்குள் அமிழ்த்தியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கணுக்கால் காயமும் தொடர்ந்ததால் தோக்கியோ அணியில் இடம்பெறவில்லை. 2022 இல் சுவீடன் அயன்மேன் போட்டியை வென்றார். 2024 நவம்பரில், 36 ஆம் வயதில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

ஜொனாத்தன்: தோக்கியோ ஒலிம்பிக்

கொரோனா பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன தோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் போட்டி, வெப்பத்தைத் தவிர்ப்பதற்காகக் காலை 6:30 மணிக்குத் தொடங்கியது. ஜொனாத்தன் அதில் ஐந்தாமிடம் பெற்றார்.

2021 சூலை 31 அன்று ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கலப்பு அணித் தொடரோட்டம் நடைபெற்றது. இரு பெண்களும் இரு ஆண்களும் கொண்ட அணியில் ஒவ்வொருவரும் 300 மீ. நீச்சல், ஏறத்தாழ 7 கி.மீ. மிதிவண்டி, 2 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை முடித்து அடுத்தவரின் கையைத் தொட வேண்டும். கைகோத்து முடித்ததற்காக இரண்டாண்டுகளுக்கு முன் தகுதிநீக்கம் செய்யப்பட்ட லியர்மந்த், டெய்லர்-பிரவுன் ஆகியோருடனும் அலெக்ஸ் யீயுடனும் சேர்ந்து ஜொனாத்தன் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் எட்டாத தங்கம், ஒருவர் உழைப்பை மற்றவர் தொடர்வதையே விதியாகக் கொண்ட போட்டியில் அவருக்குக் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவர் இடம்பெறவில்லை.

முதன்மை வெற்றிகள்

அலிஸ்டர் பிரவுன்லீ
• ஒலிம்பிக்: தங்கம் (2012, 2016)
• உலகத் தொடர்ப் பட்டம்: 2009, 2011
• பொதுநலவாய விளையாட்டுகள்: தனிநபர் தங்கம், கலப்பு அணித் தங்கம் (2014)
• ஐரோப்பிய வாகையர்: 2010, 2011, 2014, 2019

ஜொனாத்தன் பிரவுன்லீ
• ஒலிம்பிக்: வெண்கலம் (2012), வெள்ளி (2016), கலப்பு அணித் தங்கம் (2020)
• உலகத் தொடர்ப் பட்டம்: 2012
• குறுந்தொலைவு உலகப் பட்டம்: 2010, 2011
• பொதுநலவாய விளையாட்டுகள்: தனிநபர் வெள்ளி, கலப்பு அணித் தங்கம் (2014)

தாக்கம்

சகோதரர்களின் வெற்றிகளால் லீட்ஸ் நகரம் நெடுமுப்போட்டியின் முதன்மை மையங்களுள் ஒன்றாயிற்று. 2016 முதல் உலகத் தொடரின் போட்டி அங்கேயும் நடத்தப்பட்டது. 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் அலிஸ்டர் முதலிடமும் ஜொனாத்தன் இரண்டாமிடமும் பெற்றனர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள நெடுமுப்போட்டிப் பயிற்சி மையத்துக்கு இவர்களின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2014 இல் இவர்கள் தொடங்கிய பிரவுன்லீ அறக்கட்டளை, பள்ளிச் சிறுவர்கள் கட்டணமின்றி நெடுமுப்போட்டியில் பங்கேற்க நிகழ்ச்சிகளை நடத்துகிறது.